பழைய ராணுவ ரைஃபிளுக்கு எந்த எடைக் குண்டு? .303 லீ-என்ஃபீல்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

டொராண்டோவுக்கு மேற்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில், லாங் பிரான்ச் என்றொரு இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே இருந்த தொழிற்சாலை 9 லட்சத்துக்கும் மேற்பட்ட லீ-என்ஃபீல்டு நம்பர் 4 என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்களைச் செய்து அனுப்பியது. அவற்றில் ஒன்று, 1943 என்று முத்திரை போட்டது, இப்போது என்னிடம் இருக்கிறது. சின்ன வயதில் ஊர்க் காவலர்கள் தோளில் 'த்ரீ நாட் த்ரீ' என்று வேடிக்கை பார்த்த அதே குடும்பம். வாங்கிய முதல் பருவம் முழுக்க, 100 கஜ தூரத்திலேயே குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. போதாக்குறைக்கு, சில ஓட்டைகள் வட்டமாக இல்லை. சாவித் துளை மாதிரி நீண்டிருந்தன. குழல் தேய்ந்து போய்விட்டது என்று முடிவு கட்டினேன். குழலில் ஒரு குறையும் இல்லை. .308 அங்குல விட்டமுள்ள 150 கிரெய்ன் குண்டுகளை அதில் போட்டுக்கொண்டிருந்தேன். "எடை சரிதானே" என்று நினைத்ததுதான் தவறு.

அந்த ஒரு பருவத்தில் நான் கற்றது இது: குண்டின் எடை மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் விட்டம், அடுத்து நீளமும் வடிவமும், அதற்குப் பிறகுதான் எடை. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு விலை உயர்ந்த குண்டு வாங்கினாலும் பயனில்லை.

பேச்சு குழம்பாமல் இருக்க ஒரு விளக்கம். முழுத் தோட்டாவை இங்கே தோட்டா என்றும், அதன் முனையிலிருந்து பறந்து போகும் உலோகத்தை மட்டும் குண்டு என்றும் சொல்கிறேன். குண்டின் எடையை உலகம் முழுக்க கிரெய்ன் கணக்கில்தான் சொல்கிறார்கள். நம் பொற்கொல்லர்களின் நெல்லெடை போல இதுவும் தானியத்திலிருந்து பிறந்த அளவு. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். ஆக, 174 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 11.3 கிராம்.

முதலில் ரைஃபிளைப் பாருங்கள்

குண்டு வாங்கும் முன் ரைஃபிளை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, போல்ட்டுக்கும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு) சேம்பருக்கும் (தோட்டா உட்காரும் அறை) இடையிலான ஹெட்ஸ்பேஸ் என்ற இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். 80 வயது, 100 வயது ரைஃபிள்களில் போல்ட் மாறிப்போயிருப்பது சாதாரணம். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மரப்பகுதியையும் கையோடு பார்த்துவிடுங்கள். நம்பர் 4 ரைஃபிளில் முன்மரம் குழலின் முனையை 2 முதல் 7 பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது அந்நாளைய பணிமனை விதி. மரம் காய்ந்து சுருங்கி இந்தத் தாங்கல் போய்விட்டால், எந்த எடைக் குண்டும் ஓரிடத்தில் விழாது. திருகுகள் இறுக்கமா, மரத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால் ஒரு பருவம் வீணாகும்.

பிறகு குழலின் முனை. அந்தக் காலச் சிப்பாய்கள் துணி கட்டிய கயிற்றை இழுத்துத்தான் குழலைத் துடைத்தார்கள். கயிறு ஒரே பக்கமாக உரசினால் முனை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிடும். பற்றவைக்கும் பிரைமரும் வெடிமருந்தும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றின் குண்டு முனையை வெளியிலிருந்து குழல் வாயில் நுழைத்துப் பாருங்கள். உறை விளிம்பு வரை முழுதாக உள்ளே இறங்கினால் முனை நன்றாகத் தேய்ந்திருக்கிறது. வெளியே கொஞ்சம் குண்டு தெரியும்படி நின்றால் நல்லது.

குழலை அளப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, பெரும்பாலோர் தாண்டிப் போகும் படியும் இதுவே. .303 என்ற பெயரைப் பார்த்து குண்டு .303 அங்குலம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ரைஃப்லிங்கின், அதாவது குண்டைச் சுழற்றக் குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்களின், மேடுகளுக்கு இடையே உள்ள அளவு. குண்டு நிரப்ப வேண்டியது பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள அளவை. லீ-என்ஃபீல்டு குழல்களில் அது .311-லிருந்து .315 வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். போர்க்கால அவசரத்தில் செய்தவை. ஒரே வருடம், ஒரே தொழிற்சாலை என்றாலும் இரண்டு ரைஃபிள்கள் ஒத்துப் போகும் என்று சொல்ல முடியாது.

அளக்கும் முறை எளிது. ரைஃபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி வையுங்கள். குழலைத் துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். குழலைவிடச் சற்றே பெரிய, மிருதுவான ஈயக்குண்டு ஒன்று வேண்டும். தூண்டிலில் கட்டும் ஈயம் போதும். அதை முனையில் வைத்து, பித்தளைக் கம்பியாலோ கெட்டியான மரக்குச்சியாலோ தட்டித் தட்டி மறுமுனை வரை தள்ளி வெளியே எடுங்கள். ஈயத்தின் மேல் பள்ளமும் மேடும் அச்சாகப் பதிந்திருக்கும். பாதி வழியில் கை திடீரென்று லேசானால், குழல் அந்த இடத்தில் அகலமாக இருக்கிறது என்று பொருள். கை உணர்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. லீ-என்ஃபீல்டில் வழக்கமாக 5 பள்ளங்கள், இடப்புறமாகச் சுழல்பவை. ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரால் பிடித்தால் அளவு குறைத்துக் காட்டும். வி வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். லேத் பட்டறை வைத்திருப்பவர்களிடம் இருக்கும். போர்க்காலக் குழல்களில் சிலவற்றுக்கு 2 பள்ளம் மட்டுமே இருக்கும். அவற்றை அளப்பது சுலபம். இரண்டு பள்ளம் என்று தாழ்வாக நினைக்க வேண்டாம். சரியான குண்டு கிடைத்தால் அவையும் நன்றாகவே சுடும்.

கிடைத்த அளவுக்குச் சமமான அல்லது ஓரிழை கூடுதலான விட்டமுள்ள குண்டைத் தேடுங்கள். .303-க்கென்று சியரா என்ற குண்டு நிறுவனம் செய்வது .311, ஹார்னடி என்ற நிறுவனம் செய்வது .312. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் .313 அளவுள்ள குழலில் அந்த ஒரு பங்கு இலக்கில் தெரியும். .308 குண்டுகள் மலிவாக, எல்லாக் கடையிலும் கிடைக்கும். அவை வேறு ரைஃபிள்களுக்கு. இந்தக் குழலில் ரைஃப்லிங்கைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கிப் போய், காற்றில் தலைகீழாக உருளும். என் இலக்கில் விழுந்த சாவித் துளைகள் அப்படி வந்தவைதான்.

இந்த ரைஃபிள் எந்தக் குண்டுக்காகச் செய்யப்பட்டது?

பழைய ராணுவ ரைஃபிளின் குழல், சேம்பர், குறி பார்க்கும் சைட் எல்லாமே ஒரு குறிப்பிட்ட குண்டை மனத்தில் வைத்துச் செய்தவை. அந்தக் குண்டைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

.303-இன் கதையில் இரண்டு குண்டுகளை நினைவில் வைத்தால் போதும். 1910 வரை இருந்தது மார்க் 6: உருண்டை மூக்கு, 215 கிரெய்ன், நொடிக்கு சுமார் 2,060 அடி. 1910-இல் வந்தது மார்க் 7: கூர்மூக்கு, தட்டை அடி, 174 கிரெய்ன், நொடிக்கு 2,440 அடி. இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது இதுதான். பழைய ரைஃபிள்களின் சைட்டை மார்க் 7-க்காக மாற்றியபோது குழலில் எச்.வி. என்ற எழுத்துகளை அடித்தார்கள், அதிவேகம் என்பதற்கான சுருக்கம். நம்பர் 4 ரைஃபிளின் சைட் பிறப்பிலேயே மார்க் 7-க்கானது.

மார்க் 7-இன் உள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் முன்பகுதியில் ஈயம் கிடையாது. செப்பு உறைக்குள் அலுமினியத் துண்டு, போர்க் காலத்தில் மரக்கூழ் கூட வைத்தார்கள். ஈயம் பின்பக்கம் மட்டும். அதனால் எடை குறைந்தும் குண்டின் நீளம் குறையவில்லை. 215 கிரெய்ன் மார்க் 6-க்கும் 174 கிரெய்ன் மார்க் 7-க்கும் 41 கிரெய்ன் வித்தியாசம். நீளமோ ஏறக்குறைய ஒன்றே, சுமார் ஒன்றேகால் அங்குலம். பழைய குழலின் ட்விஸ்ட்டை, அதாவது ரைஃப்லிங் சுழலும் வேகத்தை, மாற்றாமலே புதிய குண்டுக்கு மாற முடிந்தது.

அடிப்பகுதி தட்டையாக இருந்ததும் காரணத்தோடுதான். பள்ளத்தின் விட்டம் குண்டின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே விடப்பட்டிருந்தது. மருந்து எரிந்து வாயு பின்னாலிருந்து தள்ளும்போது தட்டை அடி கொஞ்சம் விரிந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். படகு வால் குண்டின் அடிப்பகுதி குறுகலானது, அவ்வளவு எளிதில் விரியாது. கார்டைட் என்ற மருந்து மிகுந்த சூட்டோடு எரிந்து, பல ரைஃபிள்களில் சேம்பரை ஒட்டிய குழலின் தொண்டையை அரித்திருக்கும். அப்படி அரித்த தொண்டையில் படகு வாலைச் சுற்றி வாயு முன்னே கசிந்துவிடும். ஆகவே உங்கள் குழல் பழசு, தொண்டை தேய்ந்தது என்றால் தட்டை அடியிலிருந்து தொடங்குங்கள். படகு வால் குண்டு காகிதக் கணக்கில் மேலானதுதான். ஆனால் உங்கள் குழல் காகிதம் போல் புதிதாக இல்லையே.

ட்விஸ்ட், நீளம், ஒரு சின்னக் கணக்கு

பம்பரம் நிமிர்ந்து நிற்பது சுழற்சியால். குண்டும் அப்படித்தான். நீளமான குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும். எத்தனை அங்குலத்தில் ரைஃப்லிங் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதே ட்விஸ்ட். லீ-என்ஃபீல்டில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

1879-இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் ஒரு விதி தந்தார். 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட் கிடைக்கும். திருப்பிப் போட்டால், உங்கள் குழல் தாங்கும் நீளம் வரும். .311 விட்டத்துக்கும் 10 அங்குல ட்விஸ்ட்டுக்கும் கணக்குப் போட்டால் சுமார் 1.45 அங்குலம். மார்க் 7 வகைக் குண்டு தாராளமாக அதற்குள் அடங்கும். இன்று கடையில் கிடைக்கும் 123 முதல் 215 கிரெய்ன் வரையிலான .303 குண்டுகளும் அடங்கும். இப்போது மிகத் துல்லியமான சூத்திரங்கள் வந்துவிட்டன என்றாலும், கடையில் நின்றபடி கைப்பேசியில் போட்டுப் பார்க்க இது போதும். சூத்திரத்தில் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்று எடைகளைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் இருக்கும் எல்லா எடையையும் வாங்கிப் பார்ப்பது பணத்துக்குக் கேடு. மூன்று போதும்.

ஒன்று, மூல எடை. .303-க்கு 174 கிரெய்ன், அல்லது அதை ஒட்டிய 180. தேய்ந்த குழலுக்கு ஹார்னடியின் 174 கிரெய்ன் உருண்டை மூக்கு, சியராவின் 180 கிரெய்ன், இரண்டும் தட்டை அடி. குழல் இறுக்கமாக, .311-ஐ ஒட்டி இருந்தால் சியராவின் 174 கிரெய்ன் மேட்ச்கிங், படகு வால், முயன்று பார்க்க வேண்டியது.

இரண்டு, லேசான எடை. 150 கிரெய்ன். உதைப்பு குறையும். ஒரு நாளில் 50 தோட்டா சுடுகிறவருக்கு, அதுவும் பித்தளைத் தகடு வைத்த கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுகிறவருக்கு, உதைப்பு சின்ன விஷயமில்லை. இருபதாவது தோட்டாவுக்கு மேல் விசையை இழுக்கும்போது விரல் தயங்க ஆரம்பிக்கும். அந்தத் தயக்கம் குண்டு வித்தியாசத்தைவிடப் பெரிய ஓட்டையை இலக்கில் போடும். 100 கஜத்துக்கு மேல் போகவே மாட்டேன் என்பவர் 123 கிரெய்னையும் பார்க்கலாம்.

மூன்றாவதை உங்கள் தூரம் தீர்மானிக்கட்டும். 300 கஜத்துக்கு மேல் சுடுகிறீர்கள் என்றால், மூல எடையிலேயே இன்னொரு வடிவம். காற்று குண்டைத் தள்ளும் அளவு அங்கேதான் உறைக்கத் தொடங்கும். அங்கே 150 பின்தங்கும், நீண்ட 174 முந்தும். 215 கிரெய்ன் உருண்டை மூக்கு, மார்க் 6 காலத்து ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு. அந்தச் சைட்டோடு அது மட்டுமே பொருந்தும்.

தோட்டாவை நீங்களே நிரப்புகிறவர் என்றால் ஒரு எச்சரிக்கை, இதைக் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு எடைக்குச் சொன்ன மருந்து அளவை இன்னொரு எடைக்கு அப்படியே போடாதீர்கள். கனமான குண்டு அழுத்தத்தை ஏற்றும். மருந்து நிறுவனமோ குண்டு நிறுவனமோ அச்சிட்ட கையேட்டில், அந்தக் குண்டுக்கே உரிய பக்கத்தைப் பார்த்து, தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டிக்கொள்ளும் வகை. அதிக அழுத்தத்தில் அது நீண்டு கொடுக்கும். வேகத்தைத் துரத்த ஏற்ற ரைஃபிள் அல்ல இது.

சுட்டுப் பார்ப்பது

மூன்று குண்டுகள் ஒட்டி விழுந்த இலக்கைப் படமெடுத்துக் காட்டி "இதுதான் என் குண்டு" என்று சொல்வது எளிது. மூன்றில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு எடைக்கும் பத்துப் பத்தாக, குறைந்தது இரண்டு வெவ்வேறு நாளில் சுடுங்கள். 100 கஜம், மணல் மூட்டைத் தாங்கல். முன்மரத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தாங்குங்கள். குழலைத் தாங்கலில் வைக்கவே கூடாது. முதல் நாள் 150, 174, 180 என்ற வரிசை என்றால் மறுநாள் திருப்பிப் போடுங்கள். இல்லையென்றால் குழல் சூடானதும் கண் களைத்ததும் எப்போதும் கடைசிக் குண்டின் தலையில் விழும். எடை மாற்றும் இடைவெளியில் குழலை ஆற விடுங்கள். அது ஆறும் நேரத்தில் தேநீர் குடிக்கலாம், இலக்கில் எழுதலாம்.

இலக்கைப் படிப்பது எப்படி? ஓட்டைகள் நீண்டிருந்தால் அந்தக் குண்டு உங்கள் குழலுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். மேலும் கீழுமாகச் சிதறினால் வேகம் சீராக இல்லை, அல்லது முன்மரத்தின் தாங்கல் சரியில்லை. பக்கவாட்டில் சிதறினால் காற்று, விசையை இழுக்கும் விரல், அல்லது சைட்டில் ஆட்டம். குண்டின் மேல் பழி போடும் முன் இவற்றைப் பாருங்கள். பத்தில் ஒன்பது கூடி ஒன்று மட்டும் விலகியிருந்தால், அந்த ஒன்றை எண்ணாமல் விடாதீர்கள். போட்டியில் அதையும் எண்ணுவார்கள்.

எடை மாறினால் குண்டு விழும் உயரமும் மாறும். கனமான, மெதுவான குண்டு கீழே விழும் என்று எதிர்பார்ப்போம். 100 கஜத்தில் பல தடவை நேர்மாறாக நடக்கும். மெதுவான குண்டு குழலுக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கிறது. அதற்குள் உதைப்பு குழலின் முனையை மேலே தூக்கிவிடுகிறது. ஆகவே கனமானது மேலே விழும். நம்பர் 4-இன் முன் சைட் தகடுகள் .015 அங்குலப் படிகளில் கிடைக்கும். ஒரு படி மாற்றினால் 100 கஜத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் நகரும். உயரமான தகடு போட்டால் குண்டு கீழே இறங்கும். சிதறல் குறைவான எடையை முதலில் முடிவு செய்யுங்கள், தகட்டை அப்புறம் மாற்றுங்கள்.

குழல் முனை இப்படி மேலே எழுவதுதான் லீ-என்ஃபீல்டுக்கு நெடுந்தூரத்தில் பேரும் வாங்கித் தந்தது. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 800, 900, 1,000 கஜம் சுட்டவர்கள் கண்டது இது: மெதுவாக வரும் குண்டு, முனை இன்னும் சற்று மேலே எழுந்த பிறகு வெளியேறுகிறது, வேகமான குண்டு அதற்கு முன்பே போய்விடுகிறது. அவ்வளவு தூரத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் வந்து சேர்கின்றன. இந்த ஈடுகட்டல் மார்க் 7-இன் எடையிலும் வேகத்திலும் அமைந்தது. 100 கஜத்தில் கொஞ்சம் சுமாராகத் தெரிந்த 174 கிரெய்னை, தூரம் சுடும் ஆசை உள்ளவர்கள் அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம்.

மற்ற ரைஃபிள்கள்

படிகள் எல்லாவற்றுக்கும் அவையே. மாறுவது மூல எடை மட்டும்.

அமெரிக்காவின் எம்1 கேரண்டில் மட்டும் எடைக்கு உண்மையாகவே ஒரு மேல் எல்லை உண்டு. அது வாயுவால் தானே இயங்குவது. கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் சேர்ந்தால், முனைக்கு அருகிலுள்ள துளையில் வாயு அழுத்தம் கூடி, இயக்கும் நீளக் கம்பியை வளைத்துவிடும். 150 முதல் 168, மிஞ்சினால் 175 கிரெய்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் ராணுவத் தோட்டா எம்2-இல் இருந்ததும் சுமார் 150 கிரெய்ன்தான்.

சுவீடன் மவுசர் 6.5 மில்லிமீட்டர். முதலில் 156 கிரெய்ன் உருண்டை மூக்கு, 1941 முதல் 139 கிரெய்ன் கூர்மூக்கு. ட்விஸ்ட் 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று, மிக வேகமானது. ஆகவே நீளமான குண்டுகளை விரும்பும், லேசானவற்றில் அதன் திறமை வெளிப்படாது. சுவிஸ் கே31-க்கு 174 கிரெய்ன், மறுபேச்சில்லை.

ஜெர்மன் மவுசர் 98கே-வுக்கு 198 கிரெய்ன் படகு வால், விட்டம் .323. பழைய 1888 வகை ரைஃபிள்கள் சிலவற்றின் குழல் .318. பெயரில் இரண்டும் 8 மில்லிமீட்டர். .323 குண்டை .318 குழலில் சுடுவது ஆபத்து. அளக்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.

மோசின்-நாகான்ட்டில் ரஷ்யக் குழல்கள் .310 முதல் .314 வரை அலையும். மூல எடை 1908 வகையின் 147 கிரெய்ன், அல்லது 1930 வகையின் 182-ஐ ஒட்டியது. பின்லாந்துக்காரர்கள் செய்த எம்39 வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர். லாபுவா நிறுவனத்தின் டி166 என்ற 200 கிரெய்ன் குண்டை மனத்தில் வைத்துச் செய்த குழல் அது.

என் லாங் பிரான்ச்சின் குழல் .313 அளந்தது. 150-உம் 174 மேட்ச்கிங்கும் சுமார்; .312 விட்டத்தில் தட்டை அடி 174 வந்ததும் பத்தும் உள்ளங்கைக்குள் அடங்கின. சைட்டில் ஒரு படி உயரமான தகடு போட்டேன். குண்டின் பெயர், எடை, விட்டம், வாங்கிய பெட்டியின் தொகுதி எண், தகட்டு அளவு ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி, ரைஃபிள் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தத் தொகுதி தீர்ந்து புதிய பெட்டி வாங்கும்போது மறுபடி பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை மாற்றுவேன்.